முக்கால் விலைத் தட்டு

எங்கள் கடையில் காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாங்கள் வைத்த பேர் முக்கால். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. டீ கொடுத்தால் முக்கால் டம்ளர் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிடுவார். ஒரு பேச்சை எடுத்தால் முக்கால்வாசி தூரம் வந்து, "அவ்ளோதான், வேற என்ன" என்று நிறுத்திவிடுவார். சிரிப்பும் அதே கதைதான், பல் தெரிவதற்குள் முடிந்துவிடும். நான் பில் போடுகிறவள். என் மேசையும் அவருடைய தராசும் எதிரெதிரே. இத்தனை வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வேலை செய்ததில், அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு திமிர் எனக்கு உண்டு.

எங்களுடையது ஆர்கானிக் கடை. வாசலில் பச்சை போர்டு, உள்ளே மரத் தட்டுகள், மஞ்சள் விளக்கு. பிளாஸ்டிக் என்பது கண்ணிலேயே படாது. பின்பக்கம் வந்து பார்த்தால் காலி பிளாஸ்டிக் பெட்டிகள் கூரை வரைக்கும் நிற்கும், அது வேறு விஷயம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற மார்க்கெட்டில் கேரட் என்ன விலையோ அதைப் போல இரண்டு மடங்கு எங்கள் கேரட். அந்த விலையைத் தினமும் காலையில் சின்னச் சின்னக் கரும்பலகைகளில் சாக்பீஸால் எழுதி வைப்பதும் முக்காலின் வேலைதான்.

இவ்வளவு விலை கொடுத்துப் பெரிய கார்க்காரர்கள்தான் வாங்குவார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து என் மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கார்க்காரர்களும் வருவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பார்க்கிங் சரியில்லை என்று என்னைத் திட்டிவிட்டு ஒரு எலுமிச்சம்பழம் வாங்குவார்கள். ஆனால் ஒரு சின்னப் பெண் வருவாள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. ஒரே ஒரு கேரட், இரண்டு உருளைக்கிழங்கு. வேகவைத்து மசித்துக் குழந்தைக்குக் கொடுக்க. அவள் காலடியில் மார்க்கெட்டில் வாங்கிய பை இருக்கும், அதில் இருப்பது அவளுக்கும் அவள் புருஷனுக்கும். இன்னொருவர், மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது, கீரை மட்டும் வாங்குவார். "இருக்கறதுலயே சின்னக் கட்டாப் பாத்துக் குடுங்க" என்பார். இந்தக் கடையில் தனக்கென்று வாங்குகிறவர்கள் குறைவு. பாதிப்பேர் யாருக்காகவோ பயந்துகொண்டு வாங்குகிறார்கள்.

அது முக்காலுக்கு நன்றாகத் தெரியும். யாராவது விலை கேட்டால் கேட்டவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார். தராசைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"முகத்தப் பாத்துட்டே சொன்னா, வேணாம்னு வச்சிட்டுப் போக அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். பாவம், அவங்க வச்சிட்டுப் போகணும்ல" என்றார்.

அவர் இந்தக் கடையில் தனக்கென்று ஒரு தக்காளிகூட வாங்கியதில்லை. வேலை முடிந்து போகும்போது மார்க்கெட்டில் நுழைந்து வாங்கிக்கொண்டு போவார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை. நம் சம்பளத்துக்கு இது என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. "இது நிஜமாவே மருந்து அடிக்காததா? நம்பலாமா?" என்று யார் கேட்டாலும் பெட்டியில் ஒட்டியிருக்கும் முத்திரைச் சீட்டைத் தொட்டுக் காட்டுவார். "சர்டிபிகேட் இருக்கும்மா." அதற்கு மேல் ஒரு வார்த்தை தன் பொறுப்பில் சொல்ல மாட்டார். வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள் என்பது அவர் எண்ணம்.

அவருக்கு ஒரே பெண். தாயில்லாமல் வளர்த்த பெண். இன்சூரன்ஸ் ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மருந்தில்லாமல் காய்கறி போடப்போகிறோம் என்று வந்து நின்றார்கள். முக்கால், "நல்லா யோசிச்சியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். மனசுக்குள் என்னென்னவோ ஓடியிருக்கிறது. வெளியில் வந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கையில்லை என்று அந்தப் பெண் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு கண்டம் இருக்கிறது. உரமும் மருந்தும் போட்டுப் பழகிய நிலத்தில் இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கே ஆர்கானிக் ஆகிவிடாது. மூன்று வருடம் பொறுக்க வேண்டும். ஆட்கள் வந்து மண்ணைச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம்தான் சான்றிதழ். அந்த மூன்று வருடமும் களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும், பூச்சியோடு மல்லுக்கட்ட வேண்டும், விளைச்சலும் பாதியாகிவிடும். ஆனால் காயை விற்கப் போனால் சாதாக் காய் விலைதான். பாடு ஆர்கானிக் பாடு, வரும்படி சாதா வரும்படி. இரண்டாவது வருடத்தில் கையைத் தூக்கிவிட்டு ஓடியவர்களை எங்கள் முதலாளியம்மாவே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் முக்கால் ஒரு நாள் முதலாளியம்மாவிடம் போய்ப் பேசினார். அவராக ஒன்று கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மாறிக்கொண்டிருக்கிற நிலத்துக் காய்க்கென்று தனியாக ஒரு தட்டு. ஆர்கானிக் விலையில் முக்கால் பங்கு விலை. வாங்குகிறவர்களுக்கும் குறைகிறது, விளைவிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும். முதலாளியம்மாவுக்கு யோசனை பிடித்திருந்தது. ஆனால் அவர் கறார்.

"இந்த சீசன் முடியற வரைக்கும் பாப்போம். ஓடலைன்னா அந்த இடத்த நான் தேனுக்குக் குடுத்துடுவேன். உங்க பொண்ணுங்கறதுக்காக எல்லாம் வைக்க முடியாது."

"அதுக்காக வைக்க வேணாம்மா. என் பொண்ணு விளைச்சதுன்னு யாருக்கும் தெரியவும் வேணாம்" என்றார் முக்கால்.

இங்கேதான் மனிதர் சறுக்கினார். வேறு யாராக இருந்தாலும் சொந்தப் பெண்ணின் காயை வாசலில் கொண்டுவந்து அடுக்கியிருப்பார்கள். இவருக்கு, பாரபட்சம் பார்க்கிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். அந்தக் கேரட்டையும் பீட்ரூட்டையும் கொண்டுபோய்க் கடைசியில், குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழாத கீழ்த் தட்டில் வைத்தார். குனிந்தால்தான் தெரியும். பலகையில் விலை மட்டும் எழுதினார். என்ன காய், ஏன் இந்த விலை, ஒரு வரி இல்லை. மற்றவர்களின் காய்க்குத் தண்ணீர் தெளித்து, மேலே இருப்பதைக் கீழே மாற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலப் பார்த்துக்கொள்வார். மகளுடைய தட்டின் பக்கம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

ஓடவில்லை. எப்படி ஓடும்? உடனே விலையைக் குறைத்தார். முக்காலாக இருந்தது அரைக்கு இறங்கிவிட்டது. குறைத்த பிறகு இன்னும் மோசம். பில் மேசையில் நான் கேட்ட பேச்செல்லாம் அவர் காதில் விழவில்லை.

"அங்க கீழ ஏதோ கேரட் கெடக்கு, பாதி விலைக்கு. என்ன கோளாறு அதுல?" என்று ஒருவர்.

"ஆர்கானிக்குன்னா இந்த விலைக்கு எப்படிங்க கட்டும்? ஏதோ கலப்படம்தான்" என்று இன்னொருவர்.

"இந்த விலைக்கு வாங்கறதா இருந்தா நான் மார்க்கெட்டுக்கே போயிருப்பேனே" என்று ஒரு அம்மா. அதில் ஒரு நியாயமும் இருந்தது.

நான் போய்ச் சொன்னேன். "அண்ணே, விலைய ஏத்துங்க. நீங்க குறைக்கக் குறைக்கத்தான் அவங்களுக்கு சந்தேகம் வருது. இங்க வர்றவங்க மலிவுக்கா வர்றாங்க? பயத்துக்கு வர்றாங்க. மலிவா இருந்தா பயம் ஜாஸ்திதான் ஆகும்."

"இன்னும் கொஞ்சம் குறைச்சாப் போயிடும்" என்றார், சாக்பீஸைத் தேடிக்கொண்டே.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க தலையில கொட்டினாத்தான் ஏறும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆறு பெட்டி வந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றாகக் குறைந்தது. அந்த மூன்றிலும் பாதி வாடி, பின்பக்கம் குப்பைக்குப் போனது. அதைக் கொட்டும்போது மட்டும் அவர் யாரையும் விடமாட்டார், தானே கொண்டுபோய்க் கொட்டுவார். ஒரு தரம் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கேரட்டாக எடுத்துத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பெட்டிகளை வழக்கமாக மாப்பிள்ளைதான் வேனில் கொண்டுவருவான், கடை திறக்கும் முன்பே இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஒரு நாள் அவனுக்கு முதுகுப் பிடிப்பு. அந்தப் பெண்ணே ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்து சேரும்போது கடையில் கூட்டம். பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முன்பக்கத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடியே நடந்தாள். தன் காய் எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. தடுப்பதற்குள் கடைசி வரை போய்விட்டாள். குனிந்து பார்த்தாள். பலகையில் இருந்த விலையையும் பார்த்தாள்.

முக்கால் தராசிலிருந்து திரும்பினார். மகளைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, என்னப் பொண்ணுன்னு சொல்லிக்க வெக்கமா இருக்காப்பா உங்களுக்கு?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை.

"அதெல்லாம் இல்லம்மா..." என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனாள். நான் பில்லை அப்படியே விட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்கப் பின்னாலேயே ஓடினேன்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நகமெல்லாம் மண் ஏறிக் கறுத்திருந்தது, உள்ளங்கையில் வெடிப்பு. "அக்கா, இருக்கற காய அடுத்த வாரம் கடைசியா கொண்டு வந்துடறேன். அன்னிக்கே நிலத்துக்காரரப் பாத்து, குத்தகை வேணாம்னு சொல்லிடப் போறோம். அவருக்கு வேற ஆள் ரெடியா இருக்கு" என்றாள். "விக்காததுகூடப் பரவால்லக்கா. அப்பாவே நம்பலன்னா அப்புறம் நான் யாருக்குக்கா விக்கறது?"

நான் உள்ளே வந்தேன். மதியம் கூட்டம் ஓய்ந்ததும், குளிர் அறைக்குள் அவரை நிறுத்தி வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். பெற்ற பெண்ணின் உழைப்பை இப்படிக் காலடியில் போட்டு வைப்பாரா ஒரு மனுஷன்? நிலத்தை விடப்போகிறாள் என்பதையும் சொன்னேன். அவர் ஒரு முட்டைக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு உரித்த இலையையே திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தார்.

"வெக்கம் இல்ல. பயம்" என்றார் கடைசியில். "யாராவது வந்து நம்பலாமான்னு கேட்டா எதக் காட்டுவேன்? அதுல சீட்டு இல்லையே. என் வாயாலதான் சொல்லணும். நான் சொல்லி அவங்க வேணாம்னு வச்சிட்டுப் போயிட்டா, அவளையே வேணாம்னு சொன்ன மாதிரி இருக்கும். அத என்னால பாக்க முடியாது."

இத்தனை வருடம் அடுத்தவர்கள் கூச்சமில்லாமல் வேண்டாம் என்று சொல்ல வழிவிட்ட மனுஷன். தன் பெண்ணுக்கென்று வந்தபோது அந்தச் சொல்லைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. "பாக்கத்தான் வேணும்ணே, அப்பன்னா பாக்கத்தான் வேணும்" என்றேன்.

மறுநாள் நான் வந்தபோது கீழ்த் தட்டு காலியாக இருந்தது. மகளின் காயெல்லாம் நடுவில், தராசுக்குப் பக்கத்துத் தட்டுக்கு வந்திருந்தது. தண்ணீர் தெளித்து, கேரட்டின் தழையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தார். பலகையில், "மருந்து நிறுத்தி இரண்டாம் வருடம். சான்றிதழ் வர இன்னும் ஒரு வருடம் ஆகும். அதுவரை முக்கால் விலை" என்று எழுதியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருந்தது.

ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் அது பொய். நின்று படித்தார்கள். படித்துவிட்டுச் சிலர் நகர்ந்துபோனார்கள். சிலர் எடுத்தார்கள். அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் பலகையை இரண்டு தரம் படித்தாள். வழக்கம்போல முத்திரை ஒட்டிய மேல் தட்டிலிருந்து ஒரு கேரட் எடுத்தாள். அப்புறம் இந்தத் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். "அது பாப்பாவுக்கு. இது எனக்கு" என்று பில் போடும்போது சொல்லிச் சிரித்தாள். தனக்கென்று அவள் இந்தக் கடையில் வாங்கியது அதுதான் முதல் தடவை. மார்க்கெட் விலைக்கும் எங்கள் விலைக்கும் நடுவில் இப்படி எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்களோ, அவர்களுக்கென்று யாரும் ஒரு விலை எழுதியதில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள், கூட்டமான நேரத்தில்தான் டீச்சரம்மா வந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் பரீட்சைத் தாள் திருத்துகிற கண்ணோடு எல்லா முத்திரைச் சீட்டையும் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் படிக்கிறவர். பலகையைப் படித்தார், கேரட்டைத் திருப்பிப் பார்த்தார். அதே நேரம் பின்வாசல் வழியாக அந்தப் பெண் பெட்டியோடு உள்ளே வந்ததை நான் பார்த்தேன். கடைசி லோடு. முக்கால் பார்க்கவில்லை, அவருக்கு முதுகுப் பக்கம்.

"சர்டிபிகேட் இல்லேன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. அப்ப மருந்து அடிக்கலைன்னு யார் சொல்றா?" என்றார் டீச்சரம்மா.

முக்காலின் கை பழக்க தோஷத்தில் பெட்டியின் ஓரத்தைத் தொட்டது. அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்துக்கொண்டார்.

"நான் சொல்றேம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விளைக்கறது என் பொண்ணு."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "பொண்ணுன்னா நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார்.

"அப்படித்தாம்மா சொல்லியிருக்கணும். இத்தன நாளா நான் சொல்லல" என்றார் முக்கால். இந்தத் தடவை தராசைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். "யாராவது வேணாம்னுடுவாங்களோன்னு பயந்துட்டு அவ காய அதோ அந்த இருட்டுல வச்சிருந்தேன். சின்னப் புள்ளையில ஒரு டம்ளர் உடைஞ்சாக்கூட, நான் கேக்கறதுக்கு முன்னாடி அவளே வந்து நிப்பாம்மா, நான்தாம்ப்பான்னு. ஆபீஸ்ல உக்காந்து சாப்பிட வேண்டியவ, வெயில்ல குத்த வச்சுக் களை புடுங்கறா. அடிச்சிருந்தா அடிச்சேன்னு சொல்லிடுவா. அவ அடிக்கலம்மா. நான் அவள நம்பறேன். உங்களால முடியலன்னா மேல் தட்டுல முத்திரையோட இருக்கு, அதுவும் நல்ல காய்தான். அத எடுத்துக்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நான் பில் போட வேண்டிய பீட்ரூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சரம்மா கண்ணாடியை இறக்கினார். "அரைக் கிலோ போடுங்க" என்றார். "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, தழைய இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டச் சொல்லி. எடையில அதுக்கும் சேத்துக் காசு குடுக்க வேண்டியிருக்கு."

"சொல்றேம்மா" என்றார் முக்கால்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண் குளிர் அறைக் கதவைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு, அப்பா இருந்த பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, அடுத்த லோடுக்கு எத்தன பெட்டி வேணும்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"நீயே கேளேம்மா, அதோ நிக்கறாரு."

"முடியலக்கா. வாயத் தொறந்தா அழுதுடுவேன்."

நான் எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அண்ணே! அடுத்த லோடுக்கு எத்தன பெட்டி?"

திரும்பினார். அப்போதுதான் அவளைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த கேரட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"எட்டு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாப்பிள்ளைக்கு முதுகு தேறினதும் அவரத் தூக்கச் சொல்லும்மா. நீ தூக்காத" என்றார்.